ஹனோய்: சோறு கேட்டேன், காந்தல் வந்தது



திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. காரணம் வியட்நாம் தலைநகர் ஹனோயின் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஸ்டூல் என்றதும் உயரமாக ஏதோ கற்பனை செய்துவிடாதீர்கள். மணைப்பலகைக்கு நான்கு கால் முளைத்த மாதிரி இருக்கும். அந்த ஊரே அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறது, குடிக்கிறது, வம்பு பேசுகிறது. 47 வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பியவனுக்கு இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. தினமும் இரவில் எழுதி வைத்ததை, பிறகு தெரிந்ததையும் சேர்த்துப் போடுகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

நொய் பாய் விமான நிலையத்தில் இறங்கியதும் ஏ.டி.எம்.மில் 20 லட்சம் எடுத்தேன். ஒரே தடவையில் இவ்வளவு பெரிய தொகையைச் சட்டைப்பையில் வைத்தது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. ஆயிரம் டாங் நம் கணக்கில் சுமார் மூன்றரை ரூபாய். அதாவது நான் எடுத்தது ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் லட்சாதிபதி நடை ஒன்று தானாக வந்துவிட்டது. 86ஆம் எண் பஸ்ஸில் 45,000 கொடுத்து நகரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஹாஸ்டல் பழைய நகரப் பகுதியில், குழாய் மாதிரியான வீடு ஒன்றில். முகப்பு மூன்று, நான்கு மீட்டர்தான் இருக்கும், உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, மேலேயும் போய்க்கொண்டே இருக்கிறது. என் படுக்கை ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரவுக்கு ஒன்றரை லட்சம், காலைச் சாப்பாடு இல்லாமல். மாடிப்படி முழுக்க ஈரம். யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துச் சொல்லப் போனேன். வரவேற்பில் இருந்த பையன் சிரித்தான். இந்த மாதத்தில் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு நீராக வடியுமாம். சுவர், கண்ணாடி, படிக்கட்டு எல்லாம் வியர்க்கிறது. இதற்கென்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், 'நோம்'. துவைத்த துணி காயாது என்றும் சொன்னான். அவன் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை துவைத்த காலுறையை ஞாயிற்றுக்கிழமை ஈரமாகவே பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மாலையில் தெருமுனையில் ஒரு பாட்டியின் டீக்கடை. கடை என்றால் ஒரு கூடை, ஒரு ஐஸ் பெட்டி, ஆறு ஸ்டூல். உலகத்தில் பாதிப் பேர் டீயை 'சாய்' என்கிறார்களே என்ற நம்பிக்கையில், "சாய்?" என்றேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதிர்ப்பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். நான் மறுபடியும் "சாய்?" என்றேன். இப்போது பக்கத்தில் இருந்தவர்களும் என்னைக் கவலையாகப் பார்த்தார்கள். சரி, வம்பு வேண்டாமென்று ஒரு கிளாஸைக் காட்டினேன். ஐஸ் போட்ட பச்சைத் தேயிலை நீர் வந்தது. பால் இல்லை, சர்க்கரை இல்லை. முதல் வாய் கசந்தது, மூன்றாவது வாயில் பிடித்துப்போனது. கூடவே எள் தூவிய கடலைமிட்டாய். ஆமாம், அதே கடலைமிட்டாய்தான்.

டீ 5,000. நான் நீட்டியது ஒரு நீல நோட்டு. எல்லா நோட்டிலும் ஹோ சி மின் ஒரே மாதிரி பார்க்கிறார், 20,000-உம் நீலம், 5,00,000-உம் நீலம். பாட்டி அதை வாங்கவில்லை. என் பர்ஸைத் தானே பிரித்து, ஐந்து லட்சத்தை உள்ளே செருகினார். இன்னொரு நீலத்தை உருவிக்கொண்டு 15,000 மீதி கொடுத்தார். அதோடு விடவில்லை, இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்காட்டி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி என் நெற்றிக்கு நேரே விரலை ஆட்டினார்.

மார்ச் 12, புதன்

தூறல். மழை என்று சொல்ல முடியாது, குடை பிடித்தால் கேலி செய்வார்கள் போல, பிடிக்காவிட்டால் அரைமணியில் சட்டை நனைந்துவிடும். நாள் முழுக்க இப்படியே.

காலையில் நடைபாதையில் ஒரு அக்கா மூங்கில் கூடையில் 'சோய்' விற்றார். ஒட்டுகிற அரிசியை மஞ்சள் போட்டு ஆவியில் வேகவைத்தது. உருண்டையாகப் பிடித்து வைத்திருந்த வெந்த பாசிப்பருப்பைக் கத்தியால் சீவிச் சீவி அதன்மேல் தூவுகிறார், அப்புறம் பொரித்த சின்ன வெங்காயம். கடைசியில் ஒரு கரண்டி கொழுப்பு ஊற்றப் போனார். நான் இரண்டு கையையும் விரித்துத் தடுத்தேன். புரிந்துகொண்டு, ஊற்றாமல் வாழை இலையில் மடித்துக் கொடுத்தார். 15,000. இந்தப் பயணத்திலேயே நன்றாக இருந்த சாப்பாடு எதுவென்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் கறியும் இல்லை. அதற்கான சொல்லைக் கிளம்பும் முன்பே படித்து வைத்திருந்தேன். சோறு 'கொம்', சைவம் 'சாய்'. டீக்கடைப் பாட்டி ஏன் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார் என்று அப்போதுதான் விளங்கியது. சைவ உணவகம் எங்கே என்று நான் கேட்டதாக நினைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அதுவும் தப்பு என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மதியம் வரை தெருக்களில் சுற்றினேன். பழைய நகரத்தில் தெருவுக்குத் தெரு ஒரு தொழிலின் பெயர். வெள்ளித்தெருவான ஹாங் பாக்கில் இன்னும் நகைக்கடைகள் இருக்கின்றன. தகரத்தெருவான ஹாங் தியெக்கில் இன்னமும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், காது அடைக்கிறது. லான் ஓங் தெருவில் நாட்டு மருந்து வாசனை. ஹாங் மா தெரு முழுக்கக் காகிதம். காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, காகித ஸ்கூட்டர், கட்டுக்கட்டாகக் காகித டாலர். இறந்துபோன முன்னோருக்கு எரித்து அனுப்புவதற்காம். ஃபோன் கூட இருந்தது, சார்ஜருடன்.

ரோட்டைக் கடப்பது பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சுருக்கமாக: நிற்காதே, ஓடாதே, ஒரே வேகத்தில் நட, ஸ்கூட்டர்கள் தண்ணீர் மாதிரி உன்னைச் சுற்றிப் போய்விடும். மூன்றாவது தடவையிலேயே வந்துவிடுகிறது.

ஒரு மணிக்குச் சின்னதாக ஒரு கடை. காலையில் சோய் வாங்கிய தைரியம், ஃபோனை வெளியே எடுக்கவில்லை. வாயைத் திறந்து, "கொம் சாய்?" என்றேன். கடைக்கார அம்மாள் உடனே தலையாட்டினார். பெருமையாக இருந்தது. பத்து நிமிடத்தில் தட்டு வந்தது. அப்பளம் போலப் பொரித்த சோற்று வில்லைகள். பானையின் அடியில் பிடிக்குமே காந்தல், அதேதான், ஆனால் அழகாக வட்டமாக. மேலே பழுப்பு நிறத்தில் பஞ்சு போல ஏதோ தூவியிருந்தது. தேங்காயை வறுத்துத் தூவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு வில்லை தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதில் அந்தப் பஞ்சு பல்லிடுக்கில் நார் நாராக மாட்டியது. ஃபோன் கேமராவால் சுவரில் இருந்த பட்டியலைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'கருகிய சோறு, பன்றி இறைச்சித் தூளுடன்.'

என்ன செய்வது. கேட்டதைத்தானே கொடுத்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சைவம் கேட்டவனுக்குப் பன்றியா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே 60,000 கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பாதித் தட்டு அப்படியே இருந்ததைப் பார்த்து அந்த அம்மாள் முகம் வாடியது. அது இன்னும் உறுத்துகிறது.

இரவில் வாயைக் கழுவுகிற மாதிரி ஒரு முட்டைக் காபி. 1946-இல் பால் கிடைக்காத காலத்தில், ஓர் ஓட்டலில் பானம் கலக்கும் வேலையில் இருந்தவர் பாலுக்குப் பதிலாக முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபிமேல் போட்டாராம், அதிலிருந்து வந்தது. சூடு ஆறாமல் இருக்கக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துத் தருகிறார்கள். 35,000. காபி என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். பாயசம் என்று நினைத்துக்கொண்டால் பிரமாதம்.

மார்ச் 13, வியாழன்

ஏரிப்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஆள் திடீரென்று என் காலடியில் குந்தினார். என் செருப்பைக் காட்டி, "ஓ! ஓ!" என்றார். குனிந்து பார்ப்பதற்குள் அடிப்பாகத்தில் பசை தடவியாகிவிட்டது. செருப்பைக் கழற்றி வாங்கி ஊசியும் எடுத்துவிட்டார். நான் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நிற்கிறேன். இந்த வித்தையைப் பற்றி நிறையப் படித்திருந்தேன், படித்தும் மாட்டினேன். முடித்துவிட்டு மூன்று லட்சம் கேட்டார். ஆயிரம் ரூபாய். அந்தச் செருப்பே அவ்வளவு பெறாது. நான் 20,000 என்றேன், அவர் வானத்தைப் பார்த்தார். கால்மணி நேர நாடகத்துக்குப் பின் 80,000-இல் முடிந்தது. கொள்ளைதான். ஆனால் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் செருப்பு உண்மையிலேயே பிரியத் தொடங்கியிருந்தது, அவர் போட்ட தையல் இன்றுவரை அசையவில்லை.

இலக்கியக் கோயிலுக்குப் போனேன். 1070-இல் கன்ஃபூசியஸுக்காகக் கட்டியது. சில வருடங்களில் அதற்குள்ளேயே அரசாங்கக் கல்விக்கூடமும் வந்தது. தேர்வில் முதன்மையாகத் தேறியவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி, கல் ஆமையின் முதுகில் நிறுத்தியிருக்கிறார்கள். 82 ஆமைகள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஆமைத் தலையைத் தடவித் தடவித் தேய்த்துவிட்டதால் இப்போது சுற்றி வேலி. வெளியே வந்து ஒரு லட்சம் டாங் நோட்டை எடுத்தால், பின்பக்கத்தில் அதே கோயிலின் மாடம். அன்றிலிருந்து நோட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

மாலையில் ஹோன் கியெம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்ச்! சாய்ந்துகொள்ள முதுகும் உண்டு. கல்லூரி மாணவி ஒருவரும் அவருடைய நண்பரும் வந்து, ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும், பத்து நிமிடம் தர முடியுமா என்று கேட்டார்கள். முதல் கேள்வி, என் வயது என்ன. கொஞ்சம் சுருக்கென்றது. காரணத்தை உடனே சொன்னார். வியட்நாமியில் வெறும் 'நீங்கள்' கிடையாது. எதிரில் இருப்பவர் அண்ணனா, அக்காவா, சித்தப்பாவா, பாட்டியா என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தையே தொடங்க முடியாது. எனக்கு இது புரிய ஒரு நொடி கூட ஆகவில்லை. 47 என்றேன். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு 45-ஆம். "அப்போ நீங்க 'பாக்'," என்றார். பெரியப்பா. இரண்டு வயது குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

பன்றித் தூள் கதையைச் சொன்னேன். நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "கொம் சாய்?" என்றேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து முறை அதே சொல்லை, ஒவ்வொன்றிலும் வேறு குறி போட்டு எழுதினார். குரல் சமமாக நின்றால் சைவம். கீழே இறங்கினால் உலக்கை. மேலே ஏறினால் எரிதல், கருகல். தாழ்ந்து வளைந்தால் வழிதல். அழுத்தி வெட்டினால் ஓட்டம்.

ஆக, நான் சொல் தெரியாமல் தோற்கவில்லை. கேள்வியாகக் கேட்டதால் தோற்றேன். 'இருக்கிறதா?' என்கிற மாதிரி மரியாதையாகக் குரலை உயர்த்த உயர்த்த, சைவச் சோறு கருகிக்கொண்டே போயிருக்கிறது. அந்த அம்மாள் பட்டியலில் இருந்த கருகிய சோற்றை ஒழுங்காகக் கொண்டுவந்து வைத்தார். டீக்கடையில் நான் தொண்டை கிழியக் கத்தியது, "எரியுது! எரியுது!"

"கேள்வி கேட்கிற மாதிரி கேட்காதீங்க," என்றார் அந்தப் பெண். "கேள்விக்குக் கடைசியில தனியா ஒரு சொல் சேர்ப்போம். குரலைத் தொடக்கூடாது." நம்ம 'ஆ' மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அரைமணி நேரம் சொல்லிப் பார்த்தேன். பத்தில் ஆறு தடவை எரிந்தது.

பதிலுக்கு என் மொழியில் ஒரு சொல் கேட்டார்கள். தூறிக்கொண்டிருந்ததால், 'மழை' என்றேன். இருவரும் 'மலை' என்றார்கள். நாக்கை மடிக்கச் சொன்னேன். அவர்களும் பத்தில் பத்து முறை மலையிலேயே நின்றார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மார்ச் 14, வெள்ளி

ஹோ சி மின் நினைவகத்துக்கு ஏழரைக்கே நடந்தேன். திங்களும் வெள்ளியும் மூடியிருக்குமாம். சரி.

திரும்பி வரும் வழியெல்லாம் நடைபாதையில் புகை. தகர டப்பாக்களில் காகிதப் பணத்தைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். கடைவாசல்களில் சின்ன மேசை போட்டுப் பழம், பூ, ஊதுபத்தி. சந்திரக் கணக்கில் இன்று மாதத்தின் 15ஆம் நாள், பௌர்ணமி. முதல் தேதியும் பதினைந்தும் பலரும் கறி மீனைத் தொடுவதில்லை. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த சைவச் சாப்பாடு இன்று வாசலுக்கு வாசல் வெந்துகொண்டிருக்கிறது.

டீக்கடைப் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். மூன்று நாளாகப் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் கேட்காமலே கிளாஸ் வந்துவிடும். அவர் அப்போதுதான் மதியச் சாப்பாட்டைப் பிரித்திருந்தார். சோறு, தக்காளிக் குழம்பில் போட்ட டோஃபு, பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய வள்ளைக்கீரை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குரலைப் பலகை மாதிரி தட்டையாக வைத்து, "சாய்" என்றேன்.

பாட்டி சாப்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினார். பிறகு அதைப் பக்கத்துக் கடை வாசலில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த டப்பா பக்கம் திருப்பி, குரலை மேலே ஏற்றி, "சாய்," என்றார். திரும்பித் தன் கிண்ணத்தைத் தொட்டு, சமமாக, "சாய்." மறுபடி நெருப்பு. மறுபடி கிண்ணம். அன்றைக்கு நோட்டுக்கு விரலாட்டின அதே வாத்தியார் முகம். நான் திருப்பிச் சொன்னேன். நான்காவது தடவை தலையாட்டினார். கூடையிலிருந்து இன்னொரு கிண்ணம் எடுத்துப் பாதிச் சோற்றை அதில் தள்ளினார்.

எனக்குச் சாப்ஸ்டிக் வராது. பீங்கான் ஸ்பூன் ஒன்று கொடுத்தார். டோஃபுவில் உப்பு கொஞ்சம் குறைவு, கீரை அருமை. சாப்பிட்டுவிட்டு நோட்டை நீட்டினேன், சோற்றுக்கு வாங்க மாட்டேன் என்று கையை உதறினார். டீக்கு மட்டும் 5,000 கேட்டு வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கும்போது முழங்கால் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. 70 வயதைத் தாண்டிய அந்தப் பாட்டிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மார்ச் 15, சனி

இரவோடு இரவாக வடக்கிலிருந்து குளிர் இறங்கிவிட்டது. சுவர் வியர்ப்பது நின்றது, பல் தந்தியடித்தது. கொண்டுபோன மூன்று சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு லாங் பியென் பாலத்துக்குப் போனேன்.

செவ்வாற்றின் மேல் 1899-இலிருந்து 1902 வரை பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய இரும்புப் பாலம். ஐஃபல் கட்டியது என்று ஹாஸ்டலில் ஒரு ஆஸ்திரேலியர் அடித்துச் சொன்னார். பாலத்தில் பதித்திருக்கும் தகட்டில் வேறு பாரிஸ் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. இரும்புச் சட்டங்கள் வரிசையாக உயர்ந்து தாழ்ந்து வரும்போது நடுவில் திடீரென்று சட்டமே இல்லாமல் மொட்டையாக ஓர் இடம் வருகிறது. அமெரிக்கக் குண்டுகள் விழுந்த இடங்கள், 1967-இலும் 1972-இலும். உடைய உடைய ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். இப்போதும் நடுவில் ரயில், இரண்டு ஓரத்திலும் ஸ்கூட்டரும் சைக்கிளும். கார் கிடையாது.

நடைபாதை சிமெண்ட் பலகைகளால் ஆனது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரலளவு இடைவெளி, அதன் வழியே கீழே ஆறு ஓடுவது தெரிகிறது. பார்க்காமல் நடப்பது நல்லது. ஒரு ரயில் வந்தபோது மொத்தப் பாலமும் குலுங்கியது. நான் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன், எதிரே ஒரு பெண் எதுவுமே நடக்காதது போலச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கரியில் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்று 20,000. கை சூட்டுக்காகவே இரண்டு வாங்கினேன்.

ஒரு விசித்திரம். நாடு முழுக்க வலப்பக்கம் போகிறவர்கள் இந்தப் பாலத்தில் மட்டும் இடப்பக்கம் போகிறார்கள். நான்கு நாளாக எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது என்று தடுமாறியவனுக்கு, ஆற்றுக்கு நடுவே, குண்டு விழுந்த இடத்தில் நின்றபோதுதான் பழகிய போக்குவரத்து கிடைத்தது. நடு ஆற்றில் இருக்கும் தீவுக்குப் படி இறங்குகிறது, கீழே வாழைத்தோட்டமும் சோளமும் தெரிகின்றன. இறங்க ஆசைதான். முழங்கால் வேண்டாம் என்றது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கடை இல்லை. கூடை வைக்கும் இடத்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் சைகையில் கேட்டேன், குளிர் என்பதுபோலத் தோளைக் குறுக்கிக் காட்டினார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சோற்றுக்கடை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஃபோனைப் பார்த்தபடி கல்லாவில் இருந்தாள். நான் ஸ்டூலில் இறங்கி உட்கார்ந்து, ஒரு தடவை தொண்டையைச் செருமி, ஏறாமல், இறங்காமல், வளையாமல், "கொம் சாய்" என்றேன். இதுவரை சொன்னதிலேயே சுத்தமாக வந்தது.

அவள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெஜிடேரியனா அங்கிள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆமாம் என்றேன். 45,000. சோறு, டோஃபு, கீரை எல்லாம் சரியாக வந்தது. கூடவே சின்னக் கிண்ணத்தில், பொன்னிறமாக, மிளகாய் வட்டங்கள் மிதக்க, மீன் சாறு. அதை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.